துருக்கியா, துர்கியேவா? நாடுகளின் பெயர் மாற்றம் பற்றி வாசகர் கேள்விகள்

துருக்கி தன் பெயரை 'துர்கியே' என்று மாற்றிக்கொண்டதாகப் படித்தேன். நூறு ஆண்டாக உலகம் அறிந்த பெயரை இப்போது ஏன் மாற்ற வேண்டும்?
– வாசகர், கும்பகோணம்

முதலில் ஒரு திருத்தம். அந்த நாடு தன் பெயரை மாற்றவில்லை. 1923இல் குடியரசு பிறந்த நாளிலிருந்து அந்நாட்டு மக்கள் சொல்வதும் எழுதுவதும் துர்கியே என்றுதான். மாற்றச் சொன்னது மற்றவர்கள் தம் மொழிகளில், குறிப்பாக ஆங்கிலத்தில், எழுதும் பெயரை. நாடுகளின் பெயர் மாற்றம் பற்றிய செய்திகளில் பாதிக் குழப்பம் இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் வருகிறது.

ஒரு நாட்டுக்குப் பொதுவாக இரண்டு வகைப் பெயர் உண்டு. உள்ளூர்க்காரர் தம் மொழியில் சொல்வது ஒன்று. வெளியூர்க்காரர் தம் மொழியில் சொல்வது இன்னொன்று. அகப்பெயர், புறப்பெயர் என்று வைத்துக்கொள்ளலாம். ஜெர்மானியருக்குத் தம் நாடு 'டாய்ச்லாண்ட்', ஹங்கேரியருக்கு 'மொடியாரொர்சாக்', பின்லாந்துக்காரருக்கு 'சுவோமி'. இவர்கள் யாரும் நம்மிடம் வந்து எங்களை இப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று கேட்பதில்லை. புறப்பெயர் உறுத்தாதவரை அதை யாரும் தொடுவதில்லை.

துருக்கிக்கு உறுத்தியது. அதன் ஆங்கிலப் பெயரும் வான்கோழியின் ஆங்கிலப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. அதே சொல்லுக்கு, படுதோல்வியடைந்த நாடகம், மடத்தனமான ஆள் என்றெல்லாம் பேச்சுவழக்கில் பொருள் உண்டு. இணையத்தில் தேடினால் நாட்டுக்கு நடுவே பறவைப் படமும் விருந்துச் சமையல் குறிப்பும் வந்து விழும். இத்தனைக்கும் வான்கோழியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். துருக்கி வணிகர் வழியாக ஐரோப்பாவுக்கு வந்த கினிக்கோழியோடு அதைக் குழப்பிக்கொண்டு ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. துருக்கி மொழியில் அதே பறவைக்கு என்ன பெயர் தெரியுமா? 'ஹிந்தி'. அதாவது இந்தியாவிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரரும் அதை இந்தியக் கோழி என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

2021 டிசம்பரில் அதிபர் எர்டோகன் ஒரு சுற்றறிக்கை விட்டார். ஏற்றுமதிப் பொருள்களில் 'மேட் இன்' என்பதற்குப் பின்னால் துர்கியே என்றே அச்சிட வேண்டும், அரசுக் கடிதங்களிலும் எல்லா மொழிகளிலும் அதே பெயர் வர வேண்டும் என்பது அதன் சாரம். வெளியுறவு அமைச்சர் மெவ்லுத் சாவுஷோலுவின் கடிதம் 2022 ஜூன் 1 அன்று ஐ.நா.வுக்குக் கிடைத்தது. அன்றைக்கே அங்கே பெயர் மாறிவிட்டது.

அப்படியானால் தமிழிலும் நாம் 'துர்கியே' என்று எழுத வேண்டாமா? மரியாதைக் குறைவு ஆகாதா?
– தமிழாசிரியை, பாளையங்கோட்டை

வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

துருக்கி எல்லா மொழிகளையும் சேர்த்துக் கேட்டாலும், அடிப்படையில் அந்தக் கோரிக்கை ஆங்கிலத்தில் உள்ள ஒரு முள்ளைப் பிடுங்கச் சொல்வது. அந்த முள் நம் மொழியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். தமிழில் பறவை வான்கோழி, நாடு துருக்கி. இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. துருக்கி என்ற சொல்லும் ஆங்கிலத்திலிருந்து நாம் எடுத்ததல்ல. 'துருக்' என்ற அந்த மக்களின் பெயரையொட்டி, ஆங்கிலேயர் இங்கே வருவதற்கு முன்பே இந்திய மொழிகளில் புழங்கிய வடிவம். சொல்லப்போனால் ஆங்கிலப் பெயரைவிட அது அவர்களுடைய சொல்லுக்கு நெருக்கமானது.

இதற்கு நம் வீட்டுப் பக்கத்திலேயே தெளிவான சான்று இருக்கிறது. 1972 மே 22 அன்று சிலோன், ஸ்ரீலங்கா ஆனது. உலக வரைபடங்கள் திருத்தப்பட்டன. தமிழில் என்ன மாறியது? ஒன்றுமே இல்லை. அதற்கு முன்பும் இலங்கை, பின்பும் இலங்கை. அந்த நாட்டின் அதிகாரபூர்வத் தமிழ்ப் பெயரே 'இலங்கை சனநாயக சோசலிசக் குடியரசு'தான். பேச்சில் 'சிலோன்' என்ற சொல்லைப் பரோட்டாவுக்கும் ரேடியோவுக்கும் நாம் ஒட்டிக்கொண்டது வேறு கதை.

மாற்ற வேண்டிய இடங்களும் உண்டு. ஆப்பிரிக்க நாடான 'சுவாசிலாந்து' என்பதை ஆங்கிலத்திலிருந்து அப்படியே இறக்குமதி செய்தோம். அந்த 'லாந்து' அவர்களுடையதும் அல்ல, நம்முடையதும் அல்ல. எனவே அவர்கள் அறிவித்தபடி 'எஸ்வாத்தினி' என்று மாற்றி எழுதுவதுதான் முறை. 'ஐவரி கோஸ்ட்' என்பதும் அப்படியே. அந்த நாட்டின் கதை சுவையானது. அதன் பெயர் 'தந்தக் கரை' என்று பொருள் தரும் பிரெஞ்சுத் தொடர். பொருள் தெளிவாக இருந்ததால் ஒவ்வொரு மொழிக்காரரும் தம் மொழியில் பெயர்த்துக்கொண்டார்கள். பன்னாட்டுக் கூட்டங்களில் அந்த நாட்டின் பெயர்ப்பலகை பிரெஞ்சு அகரவரிசையில் 'சி'யில் வரும், ஆங்கிலத்தில் 'ஐ', ஜெர்மனில் 'இ'. 1985இல் அந்த அரசு, எங்கள் பெயரை எந்த மொழியிலும் மொழிபெயர்க்காதீர்கள், 'கோட் டிவார்' என்று ஒலியை மட்டும் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டது. இந்தக் கோரிக்கை எல்லா மொழிகளுக்கும் பொருந்தும். தமிழில் 'ஐவரி கோஸ்ட்' என்று எழுதுவது இன்னொருவர் செய்த மொழிபெயர்ப்பை நாம் கடன் வாங்குவது. அதற்கு ஒரு நியாயமும் இல்லை.

ஒரு நாடு வெளிநாடுகளில் வழங்கும் பெயரை மாற்ற விரும்பினால் நடைமுறை என்ன? ஐ.நா. பொதுச்சபையில் வாக்கெடுப்பு நடக்குமா?
– குடிமைப் பணித் தேர்வு எழுதுபவர், மதுரை

வாக்கெடுப்பு கிடையாது. இது பலரும் தவறாக நினைத்திருக்கும் விஷயம். அண்டை நாடு யாரும் எதிர்ப்புத் தெரிவிக்காதவரை ஒரு கடிதம் போதும்.

முதலில் உள்நாட்டு வேலை. அரசியலமைப்பில் பெயர் மாறினால் அதைத் திருத்த வேண்டும். ஆங்கில வடிவம் மட்டும் மாறினால் அரசாணையே போதுமானதாக இருக்கும். அடுத்து வெளியுறவு அமைச்சரோ நாட்டின் தலைவரோ ஐ.நா. பொதுச்செயலாளருக்கு எழுத வேண்டும். அதில் முழுப்பெயர், குறும்பெயர் இரண்டையும் தெளிவாகச் சொல்வது நல்லது. ஐ.நா.வின் அலுவல் மொழிகள் ஆறு: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானியம். இந்த ஆறிலும் பெயர் எப்படி வர வேண்டும் என்பது அங்குள்ள கலைச்சொல் தரவுத்தளத்தில் பதிவாகும். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே தமிழில் எப்படி எழுதுவது என்பதை ஐ.நா. சொல்லாது, நாம்தான் முடிவுசெய்ய வேண்டும்.

அதன்பின் ஜெனீவாவில் உள்ள ஐ.எஸ்.ஓ. 3166 (நாட்டுக் குறியீடுகளுக்கான பன்னாட்டுத் தரம்) பராமரிப்பு அமைப்பு, ஐ.நா. பட்டியலைப் பின்பற்றித் தன் பட்டியலைத் திருத்தும். வங்கி, விமான நிறுவனம், கடவுச்சீட்டு, இணையம் என்று உலகம் முழுக்க ஓடும் கணினிகள் எடுத்துக்கொள்வது இந்தப் பட்டியலை. துருக்கி விஷயத்தில் இது ஒரே மாதத்தில், 2022 ஜூலையில் முடிந்தது.

இங்கே பெயர் வேறு, குறியீடு வேறு என்பதைக் கவனியுங்கள். துருக்கியின் 'டி.ஆர்.', 'டி.யு.ஆர்.' இரண்டும் அப்படியே இருக்கின்றன. கடவுச்சீட்டின் அடியில் 44 எழுத்து கொண்ட இரண்டு வரிகள் இருக்குமே, எந்திரம் படிப்பதற்கு; அதில் நாட்டின் பெயர் வருவதில்லை, மூன்றெழுத்துக் குறியீடு மட்டும்தான். ஆகவே குறியீடு மாறாதவரை பழைய கடவுச்சீட்டோடு பயணம் செய்வதில் எந்திரத்துக்கு எந்தச் சிக்கலும் வராது. பெயர் அடியோடு வேறாகும்போதுதான் குறியீடும் மாறுகிறது. அப்பர் வோல்ட்டா 1984இல் புர்கினா பாசோ ஆனபோது 'எச்.வி.' போய் 'பி.எஃப்.' வந்தது. 1989இல் பர்மாவின் 'பி.யு.' போய் 'எம்.எம்.', 1997இல் ஜாயிர் மீண்டும் காங்கோ ஆனபோது 'இசட்.ஆர்.' போய் 'சி.டி.'.

விட்டுப்போன குறியீட்டை அவசரப்பட்டு இன்னொருவருக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. செக்கோஸ்லோவாக்கியா 1993இல் பிரிந்தபின் அதன் 'சி.எஸ்.' காலியானது. பத்தே ஆண்டில், 2003இல், அதைச் செர்பியா-மாண்டினீக்ரோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். பழைய ஆவணத்தில் 'சி.எஸ்.' என்று இருந்தால் எந்த நாடு என்று தேதியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்ற நிலை வந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு, கைவிட்ட குறியீட்டை 50 ஆண்டு தொடக்கூடாது என்று வரையறுத்தார்கள்.

நாங்கள் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறோம். இன்வாய்ஸிலும் பேக்கிங் லிஸ்டிலும் துருக்கியின் பெயரை எப்படிப் போடுவது? வங்கி திருப்பி அனுப்பிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஏற்றுமதி நிறுவன ஊழியர், திருப்பூர்

எளிய விதி: வாங்குபவரின் வங்கி பணம் தருவதாக உறுதி கூறும் லெட்டர் ஆஃப் கிரெடிட்டில், அதாவது எல்.சி.யில், எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள். உங்கள் விருப்பமும் வேண்டாம், செய்தித்தாளைப் பார்த்துத் திருத்தவும் வேண்டாம். அச்சடித்த பழைய படிவத்தில் ஒரு பெயர், எல்.சி.யில் வேறு பெயர் என்றால் ஆவணங்களை வங்கியில் கொடுப்பதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

துர்கியே என்பதை 'Türkiye' என்று எழுதும்போது வரும், மேலே இரண்டு புள்ளி வைத்த அந்த 'யு' எழுத்தை எல்.சி.யில் தேடாதீர்கள். வங்கிகளுக்கிடையே ஸ்விஃப்ட் வழியாக வரும் எல்.சி. செய்தியில் அந்த எழுத்துக்கு இடமே கிடையாது. அங்கே ஆங்கிலத்தின் 26 எழுத்து, எண்கள், சில நிறுத்தக்குறிகள் மட்டும்தான். எனவே புதிய பெயர் வந்தாலும் புள்ளியில்லாமல்தான் வரும். நீங்கள் இன்வாய்ஸில் புள்ளியோடு அடித்தால் அது தவறல்ல. ஆனால் சில பழைய மென்பொருளில் அந்த எழுத்து கேள்விக்குறியாகவோ இரண்டு விநோத எழுத்துகளாகவோ உடைந்து அச்சாகும். நாட்டின் பெயர் சிதைந்த ஆவணத்தை வங்கி அதிகாரி பார்த்தால் சந்தேகம் வரத்தானே செய்யும். புள்ளியைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

ஒருவேளை எல்.சி.யில் பழைய பெயரும், சரக்கை ஏற்றியதற்கான ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் கப்பல் கம்பெனி புதிய பெயரும் போட்டுவிட்டால்? அதற்காக மட்டும் நிராகரிப்பது முறையல்ல. எல்.சி.க்களை ஆளும் யு.சி.பி. 600 விதிகளில் 14ஆம் பிரிவின் 'ஜே' உட்பிரிவு, வாங்குபவர், விற்பவர் முகவரிகள் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கத் தேவையில்லை, அதே நாட்டுக்குள் இருந்தால் போதும் என்கிறது. இரண்டும் ஒரே நாடு என்பதை விளக்கி உங்கள் வங்கி வாதாட முடியும். ஆனால் ஆவணங்களைப் பரிசீலிக்க வங்கிக்கு ஐந்து வேலை நாள் உண்டு. வாதம் தொடங்கினால் பணம் வருவது தள்ளிப்போகும், முரண்பாட்டுக் கட்டணமும் பிடிப்பார்கள். முன்கூட்டியே ஒத்துப்பார்ப்பது மலிவு.

இன்னொரு சின்ன விஷயம். கணினிப் படிவத்தில் நாடுகளின் பட்டியலைக் கீழே இழுக்கும்போது, பழைய இடத்தில் துருக்கி இல்லாவிட்டால் துவாலுவுக்குப் பின்னால் பாருங்கள். அந்தப் புள்ளி வைத்த எழுத்தின் கணினி எண் 'இசட்'டைவிடப் பெரியது. மொழியறிவு இல்லாமல் எண் வரிசையில் அடுக்கும் மென்பொருள், அதை 'டி'க்களின் கடைசியில் தள்ளிவிடும். கோட் டிவாரும் இதே காரணத்தால் சில பட்டியல்களில் செக்கியாவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

வடக்கு மாசிடோனியா விரும்பித்தான் பெயரை மாற்றிக்கொண்டதா?
– வாசகர், சேலம்

இல்லை. நவீன காலத்தில் ஒரு நாடு பெயருக்காக இவ்வளவு விலை கொடுத்த வேறு கதை எனக்குத் தெரிந்து இல்லை.

யூகோஸ்லாவியா உடைந்து 1991இல் அது தனி நாடானபோது 'மாசிடோனியக் குடியரசு' என்று பெயர் வைத்துக்கொண்டது. கிரேக்கம் கொதித்தது. கிரேக்கத்தின் வடக்கில் அதே பெயரில் ஒரு பெரிய நிலப்பகுதி இருக்கிறது. மாவீரன் அலெக்சாந்தரின் மாசிடோனியா எங்கள் வரலாறு, அந்தப் பெயரை எடுத்துக்கொண்டவர்கள் நாளை நிலத்தையும் கேட்பார்கள் என்பது கிரேக்கத்தின் வாதம். 1993 ஏப்ரலில் ஐ.நா.வில் சேர வேண்டுமானால் 'மாசிடோனியா என்ற முன்னாள் யூகோஸ்லாவியக் குடியரசு' என்ற நீண்ட தற்காலிகப் பெயரில்தான் சேர முடிந்தது. அவையில் அந்த நாட்டுக்கு எந்த எழுத்தில் இடம் கொடுப்பது என்பதிலும் சண்டை. 'எம்' கூடாது என்றது கிரேக்கம். முன்னாள் என்பதற்கான 'எஃப்' கூடாது என்றது மாசிடோனியா. கடைசியில் ஆங்கிலச் சுட்டெழுத்தான 'தி'யைக் கணக்கில் எடுத்து, தாய்லாந்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். தற்காலிகம் என்று சொன்னது 26 ஆண்டு நீடித்தது.

நேட்டோவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர கிரேக்கத்தின் சம்மதம் தேவை. 2018 ஜூன் 17 அன்று பிரெஸ்பா ஏரிக்கரையில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பிரதமர்கள் ஜோரன் சயேவும் அலெக்சிஸ் சிப்ராசும் உடனிருந்தார்கள். ஒப்பந்தம் எவ்வளவு நுணுக்கமானது என்று பாருங்கள்: மொழியின் பெயர் மாசிடோனியன் என்றே இருக்கும், 'எம்.கே.', 'எம்.கே.டி.' குறியீடுகளும் தொடரும். ஆனால் வண்டிகளின் நம்பர் பிளேட்டில் மட்டும் 'எம்.கே.' எடுத்துவிட்டு 'என்.எம்.' அல்லது 'என்.எம்.கே.' வர வேண்டும். எல்லை தாண்டி கிரேக்கத்தின் சாலைகளில் ஓடுவது வண்டிதானே.

கிரேக்க நாடாளுமன்றத்தில் 300 பேரில் 153 பேர் ஆதரவோடு 2019 ஜனவரி 25 அன்று அது நிறைவேறியது. பிப்ரவரி 12 அன்று பெயர் நடைமுறைக்கு வந்தது. மறுநாளே கிரேக்க எல்லையில் பெயர்ப்பலகையைக் கழற்றிப் புதியதை மாட்டினார்கள். 2020 மார்ச்சில் நேட்டோ உறுப்பினர் ஆனது. மக்களுக்கு வந்த தொல்லை கடவுச்சீட்டில். பழைய பெயர் கொண்டவை ஐந்தாண்டு மட்டுமே செல்லும் என்று வரம்பு வைத்திருந்தார்கள். அது 2024 பிப்ரவரி 12 அன்று முடிந்தது. கடைசி நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் புதிய கடவுச்சீட்டுக்குப் போய் நிற்க, அலுவலகங்கள் திணறின. கால அவகாசம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஒரே நாளில் முடியும்படி வைத்தால் இப்படித்தான் ஆகும். பழையது தானாகக் காலாவதியாகும்வரை விடுவது நல்ல முறை. ஆனால் அதற்குக் கிரேக்கம் ஒப்பியிருக்காது.

மியான்மர் என்பதா, பர்மா என்பதா? எங்கள் வீட்டில் இன்னும் பர்மா என்றுதான் சொல்கிறோம்.
– வாசகி, சென்னை

உங்கள் வீட்டில் சொல்வதில் பிழையில்லை. 1989 ஜூன் 18 அன்று அங்கிருந்த இராணுவ அரசு ஒரு சட்டம் போட்டு, ஆங்கிலப் பெயர்களை மாற்றியது. பர்மா மியான்மர் ஆனது, ரங்கூன் யாங்கோன் ஆனது. 'பமா' பேச்சு வழக்கு, 'மியன்மா' எழுத்து வழக்கு; அடிப்படையில் இரண்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். ஆகவே இங்கே சண்டை சொல்லைப் பற்றியதல்ல. மக்களைக் கேட்காமல் ஓர் இராணுவ அரசு மாற்றியதை ஏற்பதா என்பதுதான். ஐ.நா. உடனே ஏற்றது. அமெரிக்க அரசு இன்றும் பர்மா என்றே எழுதுகிறது. ஆங் சான் சூ கீ 2016இல் ஆட்சிப் பொறுப்புக்கு வந்தபோது, தூதர்களிடம் எந்தப் பெயரையும் பயன்படுத்தலாம் என்று சொல்லிவிட்டார்.

செய்தி எழுதும்போது மியான்மர் என்று எழுதலாம். அங்கிருந்து குடும்பம் குடும்பமாகத் திரும்பி வந்த தமிழர்களின் வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது பர்மா என்பதே பொருத்தம். அவர்கள் விட்டுவந்த நாட்டுக்கு அப்போது அதுதான் பெயர். பர்மா பஜாரை மியான்மர் பஜார் என்று யாரும் அழைக்கப் போவதில்லை.

பாரசீகம் எப்போது ஈரான் ஆனது?
– மாணவர், தஞ்சாவூர்

1935 மார்ச்சில், அவர்களுடைய புத்தாண்டான நவ்ரூஸை ஒட்டி. ரெசா ஷாவின் அரசு வெளிநாட்டுத் தூதரகங்களுக்குக் கடிதம் அனுப்பி, இனி ஈரான் என்று எழுதும்படி கேட்டது. உள்ளூர்ப் பெயர் முன்பிருந்தே ஈரான்தான். பழைய பெயரால் அறியப்பட்ட இலக்கியமும் கலையும் வெளியுலகில் அறுந்துபோகின்றன என்று பின்னர் அறிஞர்கள் வருந்த, 1959இல் இரண்டையும் பயன்படுத்தலாம் என்று தளர்த்தினார்கள். நாட்டை ஈரான் என்றும், மொழியையும் கம்பளத்தையும் பாரசீகம் என்றும் நாம் சொல்வது மிகச் சரியான பழக்கம்.

இந்தியா 'பாரத்' என்று ஐ.நா.வில் மாற்ற முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

கேட்டால் ஐ.நா. ஏற்கும். அரசியலமைப்பின் முதல் உறுப்பே 'இந்தியா, அதாவது பாரதம்' என்றுதான் தொடங்குகிறது. இரண்டும் ஏற்கெனவே சட்டப்படியான பெயர்கள். 2023 செப்டம்பரில் ஜி20 விருந்து அழைப்பிதழில் ஆங்கிலத்திலேயே 'பாரத் குடியரசுத் தலைவர்' என்று அச்சானதற்கும் இடம் இருந்தது. 'இந்தியா' என்ற சொல்லையே நீக்க வேண்டுமானால் 368ஆம் உறுப்பின்படி இரு அவைகளிலும், வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கும் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேலும் ஆதரவு வேண்டும்.

எஸ்வாத்தினி பெயரை மாற்றியும் அதன் இணைய முகவரி இன்னும் '.எஸ்.இசட்.' என்றே முடிகிறதே, ஏன்?
– மென்பொருள் பொறியாளர், ஓசூர்

மூன்றாம் முஸ்வாட்டி மன்னர் 2018 ஏப்ரல் 19 அன்று, தன் 50ஆம் பிறந்தநாளில், நாடு விடுதலை பெற்ற 50ஆம் ஆண்டில் பெயர் மாற்றத்தை அறிவித்தார். வெளியே போனால் எங்களைச் சுவிட்சர்லாந்து என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. ஐ.எஸ்.ஓ. பட்டியலில் பெயர் திருத்தப்பட்டது, குறியீடு மாறவில்லை. இணைய முகவரியின் ஈரெழுத்து முடிவு அந்தக் குறியீட்டிலிருந்து வருவதால் அதுவும் நின்றுவிட்டது.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. குறியீட்டை மாற்றினால் அந்த நாட்டின் ஒவ்வொரு மின்னஞ்சல் முகவரியும் இடம் பெயர வேண்டும். யூகோஸ்லாவியாவின் '.ஒய்.யு.' அந்த நாடே மறைந்து பல ஆண்டுக்குப் பிறகு 2010 மார்ச் 30 அன்றுதான் நீக்கப்பட்டது. கிழக்குத் திமோரின் பழைய '.டி.பி.'க்கு 2005இலேயே மாற்று வந்தும், அதை மூட 2015 வரை ஆனது. அதுவரை பழைய முகவரி, புதிய முகவரி இரண்டையும் நடத்தியாக வேண்டியிருந்தது. உங்கள் நிறுவனத்தின் தரவுத்தளத்தில் நாட்டின் பெயரைத் திறவுகோலாக வைத்திருந்தால் இன்றைக்கே குறியீட்டுக்கு மாற்றிவிடுங்கள். பெயர் என்பது திரையில் காட்டுவதற்கான தனிப் பத்தியாக இருக்கட்டும், அது எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்ற பத்தியும் பக்கத்தில் இருக்கட்டும். 2017இல் போட்ட பில்லில் சுவாசிலாந்து என்றுதான் அச்சாக வேண்டும்.